கண்ணீர்ச் சுரப்பியில் லிம்போமா: ஊசியில் வரும் ஒரு துளி என்ன சொல்லும்?

புருவம் முடியும் வெளி ஓரத்தில் விரலை வையுங்கள். எலும்பு விளிம்பு தட்டுப்படும். அதற்கு உள்பக்கம், கண்குழியின் மேல் கூரையில் உள்ள ஒரு சின்னப் பள்ளத்தில்தான் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. பாதாம் பருப்பு வடிவம், ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளம். பத்துப் பன்னிரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக மேல் இமையின் உட்புறத்தில் கண்ணீரை விடுகிறது. வெங்காயம் நறுக்கும்போதும், வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பும்போதும் வழிவது இங்கிருந்து வருவதுதான். எல்லாம் சரியாக இருக்கும்வரை இந்தச் சுரப்பி கைக்கும் தட்டாது, கண்ணாடியிலும் தெரியாது.

வீங்கினால் தெரியும். மேல் இமையின் வெளிப் பாதி மட்டும் கனத்துத் தொங்கும். இமை விளிம்பு ஆங்கில எஸ் எழுத்தைப் படுக்கப் போட்டதுபோல நெளியும். இன்னும் பெரிதானால் கண்விழியைக் கீழேயும் மூக்குப் பக்கமாகவும் தள்ளும். வீக்கத்துக்குக் காரணம் லிம்போமா, அதாவது வெள்ளணுக்களில் பிறக்கும் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் வலி இருக்காது, சிவப்பும் இருக்காது. அதனால்தான் "வயசாகுது, இமை தொங்குது" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கண் மருத்துவர் பழைய போட்டோ கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் முகத்தை இன்றைய முகத்தோடு வைத்துப் பார்த்தால், வீக்கம் ஏறக்குறைய எப்போது தொடங்கியது என்பது பிடிபடும்.

அங்கிருந்து ஒரு மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சீட்டில் எஃப்என்ஏசி என்று எழுதியிருக்கும். வருகிறவர்கள் "ஊசி டெஸ்ட்" என்பார்கள். அந்த ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்பவர்களுக்கு வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், அந்த இடத்தில் வரும் வீக்கமெல்லாம் புற்றுநோய் அல்ல. கிருமித் தொற்றாலோ, காரணம் தெரியாத அழற்சியாலோ சுரப்பி வீங்கலாம். காசநோய், உறுப்புகளில் சின்ன முடிச்சுகளாக அழற்சி வரும் சார்காய்டோசிஸ், கண்ணையும் வாயையும் வறளவைக்கும் ஷோக்ரன் நோய், ஐஜிஜி4 நோய் என்று பட்டியல் நீளும். கட்டிகளில், சுரப்பியின் சொந்தத் திசுவில் முளைப்பவை ஒரு வகை. அவற்றில் சாதுவானது ப்ளியோமார்ஃபிக் அடினோமா. பொல்லாதது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. இந்தப் பொல்லாதது நரம்பு வழியாக ஊர்ந்து போகும், எலும்பை அரிக்கும், வலிக்கும். லிம்போமா இந்த வகையில் சேராது. அது சுரப்பியின் செல்லில் பிறப்பதில்லை, அங்கே வந்து தங்கிய வெள்ளணுக்களில் பிறக்கிறது.

கண்ணீர்ச் சுரப்பிக்குள் எப்போதுமே கொஞ்சம் லிம்போசைட்டுகள் இருக்கும். இவை கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள். ஏதோ ஓர் அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால் இவை கூட்டம் கூட்டமாக வந்து குடியேறும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பி லிம்போசைட் கட்டுப்பாட்டை மீறித் தன்னைத்தானே நகலெடுக்கத் தொடங்கினால், அது லிம்போமா. கண்ணைச் சுற்றி வரும் லிம்போமாக்களில் அதிகம் காணப்படுவது மால்ட் லிம்போமா எனப்படும் மெதுவாக வளரும் வகை. இங்கிலாந்தில் பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் 1983இல் இதைத் தனி நோயாக முதன்முதலில் விவரித்தார்கள். ஃபாலிக்குலர், மேன்டில் செல், டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் ஆகிய லிம்போமா வகைகளும் வருவதுண்டு. கடைசியாகச் சொன்னது வேகமானது.

சரி, சிக்கல் எங்கே? அழற்சியில் நிறைய லிம்போசைட்டுகள் இருக்கும். லிம்போமாவிலும் நிறைய லிம்போசைட்டுகள் இருக்கும். எது எது என்று எப்படிச் சொல்வது?

இது புதிய தலைவலி அல்ல. 1888இல், அன்றைய ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் அறுவை மருத்துவர் யோஹான் மிக்குலிச் ஒரு விவசாயியைச் சக மருத்துவர்கள் முன் காட்டினார். வயது 42. இரண்டு கண்ணீர்ச் சுரப்பிகளும், தாடையைச் சுற்றிய உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வலியே இல்லாமல் வீங்கியிருந்தன. அறுத்துப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன வட்டச் செல்களின் கூட்டம். அது என்ன நோய் என்று அடுத்த நூறு ஆண்டுக்கும் மேலாக மருத்துவ உலகம் மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. "மிக்குலிச் நோய்" என்ற ஒரே பெட்டியில் லிம்போமாவையும் காசநோயையும் சார்காய்டோசிஸையும் போட்டுக் குழப்பிய காலமும் உண்டு. 1953இல், இது ஷோக்ரன் நோயேதான் என்றார்கள். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற புரதம் கூடியிருப்பதைக் காட்டிய பிறகுதான் அது தனி நோயாகப் பிரிந்தது. சின்ன வட்டச் செல்களை வெறும் கண்ணோட்டத்தில் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த விவசாயியின் கதையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி ஊசிக்கு வருவோம்.

கட்டிக்குள் ஊசி விட்டுச் செல்களை உறிஞ்சிப் பார்ப்பதை நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் 1930இல் முறையாக எழுதிவைத்தார்கள். அவர்களுடைய ஊசி தடிமனானது. இன்று நாம் பயன்படுத்தும் மெல்லிய ஊசியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் ஸ்வீடன் மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கண்குழிக்குள் இதைச் செய்யும் துணிச்சல் 1970களில் வந்தது. கண்ணுக்குப் பெரும்பாலும் 23 முதல் 25 கேஜ் ஊசி. 25 கேஜ் ஊசியின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டர்தான், வழக்கமாக ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது.

செய்முறை இப்படி. முன்கூட்டியே ஸ்கேன் படத்தைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டுவிட வேண்டும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வை நரம்பு நசுங்கும், அதில் விளையாட முடியாது. மருத்துவர் ஒரு கை விரலால் கண்விழியை மெல்ல ஒதுக்கிப் பிடித்தபடி, மறு கையால் புருவ எலும்பின் விளிம்புக்குக் கீழே தோல் வழியாக ஊசியை நுழைப்பார். நுனி எப்போதும் விழிக்கு எதிர்த்திசையில், எலும்பை நோக்கியே இருக்கும். கட்டிக்குள் போனதும் சில விநாடிகள், சில மில்லிமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் அசைப்பார். அவ்வளவுதான். சிலர் சிரிஞ்சால் உறிஞ்சுவார்கள். சிலர் உறிஞ்சாமலே, ஊசித் துளைக்குள் தானாக ஏறும் செல்களே போதும் என்பார்கள். கண்ணைச் சுற்றி எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும், ரத்தம் குறைவாகக் கலக்கும்.

வெளியே எடுத்த ஊசியைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். சிரிஞ்சில் எதுவும் தெரியாது. "ஒண்ணும் வரலையே டாக்டர்" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வந்ததெல்லாம் ஊசியின் தண்டுக்குள் இருக்கிறது. ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை இழுத்து, மறுபடி மாட்டி அழுத்தினால் கண்ணாடி ஸ்லைடின் மேல் கடுகளவு ஒரு துளி விழும். அதில் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கலாம்.

அந்தத் துளியை இழுப்பதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. மேலே இன்னொரு ஸ்லைடை வைத்து, அழுத்தாமல், அதன் சொந்த எடையிலேயே வழுக்கிவிட வேண்டும். லிம்போசைட்டின் உட்கரு மிக மென்மையானது. கொஞ்சம் அழுத்தினாலும் உடைந்து, ஊதா நூல் நூலாக இழுபட்டுவிடும். அப்படி நசுங்கிய ஸ்லைடை உலகத்தின் எந்த நிபுணராலும் படிக்க முடியாது. ஒரு ஸ்லைடைக் காற்றில் உலரவிட்டு ஜீம்சா சாயம் போடுவோம். இன்னொன்றை ஈரம் காய்வதற்குள் ஆல்கஹாலில் முக்கி, பாப் சாயம் போடுவோம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. எடுத்த மாதிரி அத்தனையையும் ஸ்லைடில் தேய்த்துவிடக் கூடாது. லிம்போமா என்ற சந்தேகம் துளி இருந்தாலும், இரண்டாவது முறை குத்தி எடுத்ததை அப்படியே ஒரு சின்னக் குழாயில் உள்ள இளஞ்சிவப்புத் திரவத்தில் அலசிவிட வேண்டும். செல்களை உயிரோடு வைத்திருக்கும் திரவம் அது. அப்புறம் மிச்சத்தை ஃபார்மலினில் போட்டு, சுழற்றி அடியில் தங்கவைத்து, மெழுகில் பதித்தால் "செல் பிளாக்" கிடைக்கும். ஸ்லைடு, குழாய், பிளாக் என்று மூன்று பங்கு. ஒரு முறை, வெகுதூரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் மாதிரி ஸ்லைடுகளாக மட்டும் எங்களிடம் வந்தது. அழகான ஸ்லைடுகள், நிறைய செல்கள். ஆனால் குழாய் இல்லை. "லிம்போமாவாக இருக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத முடியவில்லை. அவர் மறுபடி பஸ் ஏறி வந்து, மறுபடி ஊசி குத்திக்கொண்டார். அந்த இரண்டாவது குத்து தேவையே இல்லாதது. அதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மைக்ராஸ்கோப்பில் என்ன தெரிகிறது? ஜீம்சா ஸ்லைடில் முதலில் பார்ப்பது, செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா, தனித்தனியாக நிற்கின்றனவா என்பது. சுரப்பித் திசுவின் கட்டிகளில் செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவில் பளிச்சென்ற ரோஸ் நிறக் கோலிக்குண்டுகளைச் சுற்றிச் சின்னக் கருஞ்செல்கள் வரிசை கட்டி நிற்கும், ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். லிம்போமாவிலோ ஒவ்வொரு செல்லும் தனித்தனி. நடுநடுவே வெளிர்நீல நிறத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். லிம்போசைட்டுகளின் உடல் பிய்ந்து விழுந்த துண்டுகள் அவை. அந்த நீலத் துணுக்குகள் நிறைய இருந்தால், இது லிம்போசைட் சமாச்சாரம் என்று தைரியமாகச் சொல்லலாம். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

மீதிப் பாதிதான் கடினம். அழற்சி என்றால் சந்தை நாள் கூட்டம் மாதிரி எல்லாரும் இருப்பார்கள்: சின்ன லிம்போசைட், நடுத்தரம், பெரியது, பிளாஸ்மா செல், குப்பையை விழுங்கித் திரியும் மேக்ரோஃபேஜ். லிம்போமா என்றால் ஒரே முகம் திரும்பத் திரும்ப வர வேண்டும். லார்ஜ் செல் வகையில் அப்படித்தான் வரும். சின்ன லிம்போசைட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிய செல்கள், உட்கருவுக்குள் துருத்தித் தெரியும் நியூக்ளியோலஸ், பார்த்த உடனே மணி அடிக்கும். ஆனால் கண்ணில் அதிகம் வரும் மால்ட் வகைக்கு அந்த நேர்மை கிடையாது. அதிலும் செல்கள் சின்னவை, கொஞ்சம் பலதரப்பட்டவை, பிளாஸ்மா செல்களும் கலந்திருக்கும். அழற்சிக் கூட்டத்துக்குள் முகம் மறைத்து நிற்கும். ஸ்லைடை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் கவலைப்படுவேன்.

அதற்குத்தான் அந்தக் குழாய். ஒவ்வொரு பி லிம்போசைட்டும் தன் மேல்தோலில் ஒரு அடையாளம் வைத்திருக்கும். கப்பா அல்லது லாம்ப்டா, இரண்டில் ஒன்றுதான். ஒருமுறை எடுத்துக்கொண்டால் மாறாது. பிரிந்து பெருகும் பிள்ளைச் செல்களுக்கும் அதே அடையாளம்தான். இயல்பான கூட்டத்தில் கப்பாக்காரர்கள் இரண்டு பேருக்கு லாம்ப்டாக்காரர் ஒருவர் என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கப்பா என்று வந்தால்? அத்தனை பேரும் ஒரே செல்லின் வாரிசுகள் என்று அர்த்தம். கண்ணால் பிரிக்க முடியாத கூட்டத்தை இந்த ஒரு கேள்வி பிரித்துவிடுகிறது.

கேள்வியைக் கேட்கும் எந்திரம் ஃப்ளோ சைட்டோமீட்டர். ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடிகளைக் குழாயில் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய அடையாளத்தில் மட்டும் போய் ஒட்டும். அப்புறம் செல்களை ஒற்றை வரிசையில் லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு, எது எந்த நிறத்தில் மின்னுகிறது என்று எண்ணுவார்கள். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணும். ஒரே குறியை மட்டும் தேடிப் பிடிக்கும் இந்த வகை ஆன்டிபாடிகளைச் செய்யும் வழியை கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்டுபிடித்தார்கள், 1984இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

கப்பா, லாம்ப்டாவோடு வேறு சில குறிகளையும் பார்ப்போம். சிடி20 இருந்தால் பி செல். அதோடு சிடி5, சிடி10 இரண்டும் இல்லையென்றால் மால்ட் பக்கம் மனசு சாயும். சிடி10 இருந்தால் ஃபாலிக்குலரை யோசிக்க வேண்டும். சிடி5 இருந்தால் மேன்டில் செல் வகையைத் தேடி, செல் பிளாக்கில் சைக்ளின் டி1 என்ற புரதத்தைச் சாயமிட்டுப் பார்க்க வேண்டும். செல்கள் போதவில்லை என்றால், மரபணுவில் ஒரே வகை மாற்றம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று, மரபணுத் துணுக்கைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் மூலமும் பார்க்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஊசியால் முடியாததையும் சொல்லியாக வேண்டும். திசுவைத் துண்டாக வெட்டி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் ஊரின் தெருவும் வீடும் தெரியும். ஊசி மாதிரியில் ஊர்க்காரர்கள் மட்டும் வந்து நிற்பார்கள், யார் எந்தத் தெரு என்று தெரியாது. லிம்போமாவின் சரியான வகையைச் சொல்லப் பல நேரம் அந்தத் தெரு அமைப்பு தேவை. அதனால் முதல்முறையாக லிம்போமா சந்தேகம் வருபவருக்கு, ஊசி டெஸ்ட்டுக்குப் பிறகும் இமை மடிப்பில் சின்னதாகக் கீறித் துண்டு எடுக்கச் சொல்வது வழக்கம். "அப்ப ஊசி எதுக்கு?" என்ற கேள்வி நியாயமானது. ஏற்கெனவே வேறு இடத்தில் லிம்போமா இருந்து சிகிச்சை எடுத்தவருக்குக் கண்ணில் அது திரும்பியிருக்கிறதா என்று அறிய, ஊசியே பல நேரம் போதும். அறுவையைத் தாங்காத முதியவருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்கு, அடுத்த அடி எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அது காட்டுகிறது.

அந்தப் "பக்கம்" ஏன் முக்கியம் என்றால், "கத்தி பட்டால் கட்டி பரவிவிடும்" என்று நம் ஊரில் எல்லாரும் பயப்படுகிறார்கள் அல்லவா? லிம்போமாவுக்கு அந்தப் பயம் பொருந்தாது. அங்கே கொஞ்சம் கீறி எடுத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. ஆனால் அதே மூலையில் வரும் ப்ளியோமார்ஃபிக் அடினோமாவுக்கு அந்தப் பயத்தில் உண்மை உண்டு. அதன் உறையைக் கிழித்துத் துண்டு எடுத்தால், சிந்திய செல்கள் பல வருடம் கழித்து மறுபடி முளைக்கும். அதை உறையோடு முழுசாக எடுக்க வேண்டும். வலி இல்லாமல், உருண்டையாக, எலும்பில் மெல்லப் பள்ளம் பறித்தபடி பல காலமாக இருக்கும் கட்டி என்றால், ஸ்கேனைப் பார்த்தே அடினோமா என்று சந்தேகப்பட்டு, ஊசியைக்கூடத் தவிர்க்கும் மருத்துவர்கள் உண்டு. லிம்போமா ஸ்கேனில் வேறு மாதிரித் தெரியும். எலும்பை அரிக்காமல், விழியின் வளைவுக்கு ஏற்றபடி மாவு பிசைந்து அப்பியதுபோலப் படிந்திருக்கும்.

ஊசி "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அங்கேயே நிறுத்தக் கூடாது. நார் மண்டிய கட்டியிலிருந்து செல்களே வராது, ஐஜிஜி4 நோயில் இது சகஜம். லார்ஜ் செல் லிம்போமாவின் செல்கள் எளிதில் செத்துப்போய், எந்திரத்தில் தென்படாமல் போகலாம். மறுபக்கம், ஷோக்ரன் நோயில் லிம்போமா இல்லாமலேயே ஒரே குடும்பச் செல்கள் கொஞ்சம் சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால் ஸ்லைடு, எந்திரம், ஸ்கேன், நோயாளியின் முகம் நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று மாற்றிச் சொன்னால் துண்டு எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மாதிரி எடுப்பதற்கு முன் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட வேண்டாம். அழற்சி என்று நினைத்துக் கொடுப்பார்கள், வீக்கமும் வற்றும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஸ்டீராய்டுக்கு லிம்போமாவும் வற்றும். பிறகு ஊசி போட்டால் செல்கள் இருக்காது, சில மாதத்தில் வீக்கம் மட்டும் திரும்பி வரும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம், நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

லிம்போமா என்று உறுதியானால், அது கண்ணோடு நிற்கிறதா என்று உடம்பு முழுக்கப் பார்ப்பார்கள்: பெட் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜை. மால்ட் வகை கண்ணில் மட்டும் இருந்தால் கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும். 24 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை 12 நாள் பிரித்துக் கொடுப்பது வழக்கம். இரண்டே நாளில் மொத்தம் 4 கிரே கொடுக்கும் குறைந்த அளவு முறையும் உண்டு, கண் வறட்சி போன்ற தொந்தரவு அதில் குறைவு. உடம்பில் வேறு இடத்திலும் இருந்தால், அல்லது வேகமான வகை என்றால், பி செல்களின் சிடி20 குறியைத் தாக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் வரும். அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம், உறங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் விழித்துக்கொள்ளக் கூடும்.

ரிப்போர்ட்டில் "லிம்போமாவுக்குச் சந்தேகம்" என்று எழுதியிருந்தால், கையில் உள்ள செல்கள் அந்தப் பக்கம் சாய்கின்றன, உறுதியாகச் சொல்லப் போதவில்லை என்று பொருள். "போதிய மாதிரி இல்லை" என்றால் மறுபடி எடுக்க வேண்டும் என்று பொருள், நோய் இல்லை என்று அல்ல. வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாமல், ஸ்லைடுகளையும் செல் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கும் இடத்தில் அவற்றை மறுபடி ஒருவர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். ஸ்லைடு கண்ணாடி, உடையும். அட்டைப் பெட்டியில் பஞ்சு சுற்றித் தரச் சொல்லுங்கள்.